கழற்றிப் பார்த்த கைகள்

காசிமேடு முதல் எண்ணூர் வரை, வீட்டு வாசலில் வளர்ந்த ஒரு தொழிலறிவு

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கடந்துபோன பிறகும் எர்ணாவூர், திருவொற்றியூர், மணலி பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அதில் கலந்து, கொசஸ்தலை ஆற்றின் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்தது. மீனவர்கள் அந்த எண்ணெயை மக்கிலும் வாளியிலும் அள்ளிக்கொட்டிய படங்களை நாடே பார்த்தது. தண்ணீர் வடிந்த தெருக்களில் நடந்த இன்னொரு வேலை அவ்வளவாகப் படம் பிடிக்கப்படவில்லை. வாசல்தோறும் பைக்குகள் ஸ்டாண்டில் ஏறி நின்றன. திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் மிக்சி, ஃபேன், கிரைண்டர் மோட்டார் எல்லாம் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தன. தெருவில் போகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் என யாராக இருந்தாலும் ஒருவருக்கொருவர் சொன்னது ஒன்றுதான்: "உதைக்காதபா, மொதல்ல ஆயில இறக்கு."

எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது கிக்கரை உதைத்தாலோ செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தினாலோ பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்க முடியாமல் திணறும். கனெக்டிங் ராடு வளைந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். அது வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் பிளக் துவாரம் வழியே பீய்ச்சி வெளியேறும். ஏர் ஃபில்டரைக் காயவைத்து, பெட்ரோலை வடித்து, புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் இறக்கிவிட வேண்டும். இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் பாடு வீண். இதைத் தெரிந்து வைத்திருந்தவர்களில் பலர் எந்தப் பயிற்சி நிலையத்தின் வாசலையும் மிதித்தவர்கள் இல்லை.

அவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியோடு வடசென்னையின் கரையோரத்தில் நடந்தால், முதல் பதில் கடலிலிருந்து வருகிறது.

கடலில் மெக்கானிக் கிடையாது

ராயபுரம் காசிமேட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பும் ஃபைபர் படகில், கரையிலிருந்து சில மைல் தள்ளி மோட்டார் நின்றுபோனால் கூப்பிட யாரும் இல்லை. அதனால் படகிலேயே ஒரு பை இருக்கும்: இரண்டு மூன்று பானா (ஸ்பேனர்), கட்டிங் பிளேயர், ஒரு பிளக், கொஞ்சம் கம்பி, டேப், ஷியர் பின். ஷியர் பின் என்பது புரொப்பல்லரைத் தண்டோடு பிணைத்திருக்கும் சின்ன ஆணி. வலையோ கட்டையோ மாட்டும்போது அந்த ஆணி முறிந்து, கியரைக் காப்பாற்றிவிடும். அலையில் ஆடும் படகில் ஈரக் கையோடு அதை மாற்றத் தெரியாதவர் தொழிலுக்குப் போக முடியாது. ஆனால் அந்த வித்தையைக் கடலில் கற்க முடியாது. கரையில், வீட்டுப் பின்கட்டில், தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மோட்டாரை நிறுத்தி, பலமுறை கழற்றி மாட்டிய கைக்குத்தான் கடலில் தைரியம் வரும்.

உப்பு, தவறுக்கு அவகாசம் தராது. கடலில் கவிழ்ந்து மூழ்கிய மோட்டாரை மீட்டெடுத்தால், விவரம் தெரியாதவர் முதலில் வெயிலில் வைப்பார். அதுதான் அதன் சாவு. காற்றும் உப்பும் சேர்ந்தால் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். விவரம் தெரிந்தவர் நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, மண்ணெண்ணெயோ ஆயிலோ ஊற்றிச் சுழற்றுவார். உடனே வேலை பார்க்க முடியாவிட்டால் மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மிலேயே அமிழ்த்தி வைப்பார். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும் இந்த யோசனைக்குப் பின்னால், காயவைத்துக் கெடுத்த மோட்டார்கள் எத்தனையோ இருக்கும். புயல் வெள்ளத்தில் நனைந்த பைக்குகளுக்கு வைத்தியம் சொன்னது இந்த அறிவின் நீட்சிதான் என்று நான் நினைக்கிறேன்.

பாரம்பரியமான கட்டுமரத்தில் பழுதுபார்க்க மோட்டாரே கிடையாது. கட்டைகளையும் கயிற்றையும் அறிந்தால் போதும். அந்தக் கரைக்கு மோட்டார் படகைக் கொண்டுவரும் முயற்சியாக, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979ல் சென்னையில் அலுவலகம் போட்டு, கரையில் மோதி ஏறக்கூடிய படகுகளையும், கரைக்கு வரும்போது மேலே தூக்கிவிடக்கூடிய புரொப்பல்லரையும் உருவாக்கிப் பார்த்தது. அலையில் கொண்டுபோய் ஓட்டி, உடைந்ததைப் பார்த்து, அடுத்த மாதிரியைத் திருத்திக் கட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்தன. அப்பா துடுப்பும் பாயும் அறிந்தவர், மகன் டீசல் எஞ்சின் அறிந்தவர் என்ற மாற்றம் ஒரே தலைமுறையில் நடந்துவிட்டது. நடுவில் அவர்களுக்கு யாரும் ஆண்டுக்கணக்கில் வகுப்பு எடுக்கவில்லை.

விசைப்படகுகளின் கதை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோகும் அந்த இரண்டு மாதம்தான் காசிமேட்டில் எஞ்சின்கள் திறக்கப்படும் பருவம். ஹெட்டைத் தூக்கி, வால்வு தேய்த்து, ரிங் மாற்றி, படகுக்குப் பெயின்ட் அடிக்கும் காலம். பள்ளி விடுமுறையும் அதே நேரத்தில் வருவதால், மீனவ வீட்டுப் பையன்களில் பலர் முதன்முதலில் பானா பிடிப்பதும் அப்போதுதான். முதல் ஆண்டு, கழற்றிய நட்டுகளை டீசலில் கழுவி வரிசையாக வைப்பது மட்டும்தான் வேலை. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்பது மனதில் ஏறிய பிறகு, அவன் கையில் எஞ்சினை நம்பிக் கொடுப்பார்கள்.

சங்கு ஊதிய ஊர்

இரண்டாவது பதில் தொழிற்சாலைகளிடமிருந்து வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதற்குப் பின்வந்த நூறு ஆண்டுகளில் இந்தப் பக்கம் முழுக்க இயந்திரங்களின் ஊராகிவிட்டது. அசோக் மோட்டார்ஸ் 1948ல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. லேலண்ட் எஞ்சின்கள் லாரியிலும் பஸ்ஸிலும் ஓடியதோடு, விசைப்படகுகளுக்குள்ளும் இறங்கின. சாணைக்கல்லும் உப்புத்தாளும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954ல் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் ஆலை நடத்தியது. தீப்பெட்டி செய்த விம்கோ, ஒரு நகருக்கே பெயர் தந்தது. 2021 முதல் அது மெட்ரோ நிலையத்தின் பெயரும்கூட.

இவற்றில் எம்.ஆர்.எஃப் தொடங்கிய விதம் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் பலூன் செய்யத் தொடங்கினார். பேருக்குக்கூட இயந்திரம் இல்லாத ஷெட் அது. பலூனிலிருந்து ரப்பர் பொம்மை, கையுறை என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, 1952ல் டிரெட் ரப்பருக்கு வந்தார்கள். டிரெட் ரப்பர் என்பது தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போட்டு மறுபடி ஓடவைக்கும் பொருள். அதாவது நாட்டின் பெரிய டயர் கம்பெனி ஒன்று, புது டயர் செய்வதற்கு முன்னால், பழைய டயரைப் பிழைக்கவைக்கும் பொருளைச் செய்துதான் காலூன்றியது. இந்த ஊரின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வரலாறு எனக்குத் தெரியாது.

ஆலைத் தொழிலாளி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார். மைக்ரோமீட்டரில் அளந்து பழகிய கண், போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்கினால் திருகு போகாது என்று அறிந்த மணிக்கட்டு, கழற்றும்போதே அடையாளம் போட்டுவைக்கும் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவர் சைக்கிளைப் பிரித்தால், தெருப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டிய சாமானுக்குக் காயலான் கடை. அங்கே கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை. ரேடியோ, டேப் ரெக்கார்டர் என்றால் மூர் மார்க்கெட், 1985ல் அது எரிந்துபோன பிறகு ரிச்சி தெரு. இப்படி ஒரு வட்டத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு, ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைத் தூக்கிப்போடும் எண்ணத்துக்கு முன், அதைத் திறந்து பார்க்கும் ஆசைதான் வரும்.

பதில் சொன்ன புல்லட்

திருவொற்றியூர் என்றால் புல்லட். இந்திய ராணுவம் கேட்டு வாங்கிய அந்த வண்டியை இங்கேயே பூட்ட, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. இங்கிலாந்தில் ரெடிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977ல் இங்கிருந்து அந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆனது. நம் விஷயத்துக்கு முக்கியமானது அதன் மாறாத அமைப்பு. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் சுமார் அரை நூற்றாண்டு பெரிய மாற்றமில்லாமல் வந்தது. அப்பா வண்டியில் கற்றதை மகன் தன் வண்டியில் செய்ய முடிந்தது.

பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், வீட்டு வாசலில் நடக்கும் விசாரணை மூன்று கேள்விக்குள் அடங்கும்: பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா, காற்று போகிறதா? பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட் மேல் சாய்த்துவைத்து உதைப்பார்கள். நீலமாகப் பொறி பறந்தால் கரண்ட் சரி. பிளக் முனை கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு; காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. பொறி மங்கலாக இருந்தால், கரண்ட்டைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டைத் திறப்பார்கள். முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்ப்பார்கள். கேஜ் இல்லாதவருக்கு விசிட்டிங் கார்டு. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அறிய, பிளக் துவாரத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக். பாயின்ட் எந்த நொடியில் பிரிகிறது என்று அறிய, நடுவில் ஒரு சிகரெட் தாள். தாள் நழுவி வரும் இடம்தான் பொறி பிறக்கும் இடம்.

இனி நடப்பதுதான் பாடம். பொறி பிறக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, அதிகம் முன்னே வைத்துவிட்டால், கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வலிக்கும்போது பிழை எந்தப் பக்கம் என்று மூளைக்குப் புரிந்துவிடும். அதிகம் பின்னே வைத்துவிட்டால் வண்டி கிளம்பும், ஆனால் இழுக்காது, எஞ்சின் சூடேறும். வால்வைத் திறக்கவைக்கும் புஷ்ராடு இறுக்கமாக இருந்தால் வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் போகும். தளர்வாக இருந்தால் தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். புஷ்ராடை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுதான் அளவு. ஒவ்வொரு தப்புக்கும் அந்த இயந்திரம் உடனே, அதற்கென்று தனியான ஒரு பதிலைச் சொன்னது. அந்தப் பதிலைத் தாங்கிக்கொள்ளவும் முடிந்தது. ஒரு மணி நேரம் போகும், ஒரு கேஸ்கெட் போகும், அதற்கு மேல் இல்லை.

செய்து, கெடுத்து, திருத்திக் கற்பது என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அதற்கு ஆர்வமும் பொறுமையும் மட்டும் போதும் என்றும் நினைக்கிறோம். போதாது. பதில் சொல்லும் பொருள் வேண்டும். தப்பின் விலை நம் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். வடசென்னைக்கு ஒரு காலத்தில் இந்த இரண்டும் வாய்த்தன.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, முழுக்கப் பிரித்துப் பூட்டிக் கற்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவரை மேதை என்று கொண்டாடுவது நியாயம். ஆனால் அதே காரியத்தைப் பெயர் தெரியாத ஆயிரம் பேர் காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் செய்தபோது அதை நாம் கல்வி என்று எண்ணவே இல்லை.

குண்டு பல்பு என்னும் ஆசான்

மின்சாரத்தில் தப்பின் விலை உயிர். அங்கே தப்பை மலிவாக்கியது ஒரு மரப்பலகை. சீரிஸ் போர்டு என்பார்கள். பலகையில் ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயின்ட். சோதிக்க வேண்டிய பொருளுக்குப் போகும் கரண்ட் அந்த பல்பைக் கடந்துதான் போகும். பொருளுக்குள் ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போகாது, புகை வராது. பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். உள்ளே எங்கோ கம்பி அறுந்திருந்தால் பல்பு எரியாது. நல்ல ஃபேன் என்றால் பல்பு மங்கி எரிய, இறக்கை சோம்பலாகச் சுற்றும். இஸ்திரிப் பெட்டி என்றால், அது நன்றாக இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். எந்தப் பொருளுக்கு எந்த வெளிச்சம் என்பதை, நல்ல நிலையில் இருக்கும் பொருள்களை மாட்டிப் பார்த்துப் பழக வேண்டும். வீட்டு எலக்ட்ரீஷியன்களின் கண்ணில் இருப்பது இந்த வெளிச்சங்களின் நினைவு. இப்போது எல்லா வீட்டிலும் எல்இடி. சீரிஸ் போர்டுக்கு எல்இடி உதவாது. அதற்காகவே குண்டு பல்பைத் தேடி வாங்கி வைப்பவர்கள் உண்டு.

2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. சமையல் அறைக்குள் மூன்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் நுழைந்தன. அவை கெடத் தொடங்கியபோது, ரிப்பேர் என்பது ஆண்களின் வாசல் வேலை என்ற நிலை கொஞ்சம் அசைந்தது. மிக்சி திடீரென்று நின்றுபோனால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும் என்பதை, சட்னிக்கு நடுவில் நின்றுபோன மிக்சியோடு தவித்த பெண்கள்தான் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள். ஓடும்போது உள்ளே பொறி அதிகம் பறந்து வாடை வந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஜார் சுற்றாமல் மோட்டார் மட்டும் கத்தினால் கப்ளர் போயிருக்கிறது. ஃபேன் முனகிக்கொண்டு நின்று, குச்சியால் தள்ளியதும் சுற்றினால் கன்டென்சர், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், கொஞ்சம் பணத்துக்குள் முடிகிற காரியம். கடற்காற்று வீசும் இந்தப் பகுதியில் திருகுகள் துருவேறிப் பிடித்துக்கொள்வது தனிப் பாடு. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்த பிறகே திருப்புளி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் திருகின் தலை மழுங்கிவிடும்.

ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கல்வி எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. தம்பி ரேடியோவைப் பிரித்தால் "பையன் கெட்டிக்காரன்" என்ற அதே வீட்டில், தங்கை டெஸ்டரைத் தொட்டால் "வெச்சிட்டு வாம்மா, ஷாக் அடிக்கும்" என்றார்கள். பொருளைப் பிரித்துப் பார்த்தது பெருமைக்குச் செய்த காரியமும் இல்லை. புதிது வாங்கக் காசில்லாததால் பிரித்தார்கள். கையுறையும் எர்த்தும் இல்லாமல் வேலை பார்த்து உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகவே வீட்டில் பழக நினைக்கும் யாருக்கும் சில எல்லைகள் கண்டிப்பாக வேண்டும். மெயினில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி பொருத்தாமல் மின்சாதனத்தில் கைவைக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே சுமார் இரண்டாயிரம் வோல்ட் நிற்கும். அதை வீட்டில் திறக்கவே வேண்டாம். கேஸ் கசிவைச் சோப்பு நுரையால் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல. தப்பு செய்து கற்கலாம் என்பது, மறுபடி எழுந்து செய்யக்கூடிய தப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்.

வாய் மூடிய இயந்திரங்கள்

கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்த ஊரின் இரண்டு கால்களும், ஆலைகளும் திறந்து பார்க்க முடிந்த பொருள்களும், தளர்ந்துவிட்டன. 2013 முதல் புல்லட் உற்பத்தியின் பெரும்பகுதி ஒரகடத்துக்கு நகர்ந்தது. 1970ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. ஷிப்ட் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்காரும் ஆலைத் தொழிலாளி குறைந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை உறுதியில்லை.

பொருள்களும் மாறின. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. காற்றுக்கு நல்லது, எண்ணூர்வாசிகளுக்கு அதன் அருமை அதிகம் தெரியும். ஆனால் கோளாறு வந்தால் புது வண்டி சொல்வது ஒரு மஞ்சள் விளக்கு மட்டும். அந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்று படிக்கத் தனிக் கருவி வேண்டும். மொபைல் போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். வாஷிங் மெஷின் போர்டின் மேல் பிசின் ஊற்றி இறுக்குகிறார்கள். ஈரத்திலிருந்து காப்பதற்கு என்கிறார்கள், உண்மைதான், ஆனால் கைகளிலிருந்தும் அது காக்கப்பட்டுவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பதிலே சொல்லாத பொருளோடு எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும்?

உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2009ல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே', பக்கத்து வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து பழுது நீக்கும் கூடமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. திருவொற்றியூர்த் தெருக்கள் காலங்காலமாகச் செய்ததற்கு அங்கே ஒரு பெயரும் மேசையும் கிடைத்திருக்கின்றன. 2021 முதல் பிரான்ஸில் சில வகைப் பொருள்களின் மேல், அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்க முடியும் என்ற மதிப்பெண் அச்சாகிறது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணைய வாசலும் திறக்கப்பட்டது. கழற்றும் எளிமை, உதிரிபாகம் கிடைக்கும் நிலை, பழுதுநீக்கும் தகவல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் முறையைப் பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மொபைலிலும் டேப்லெட்டிலும் தொடங்கலாம் என்பது யோசனை.

2022ன் குழு நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: விவசாயக் கருவிகள், மொபைல்களும் டேப்லெட்டுகளும், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள். டிராக்டருக்கு இடம் கிடைத்தது சரியே. ஆனால் கடலில் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வர முடியாத ஒரே வாகனத்துக்கு அந்தப் பட்டியலில் தனியிடம் இல்லை. மீன்பிடி எஞ்சின்கள் ஐந்தாவது துறையாகச் சேர்க்கப்பட வேண்டும். அவுட்போர்டு மோட்டாரோ டீசல் எஞ்சினோ, விற்கப்படும் ஒவ்வொன்றோடும் தமிழில் அச்சிட்ட சர்வீஸ் புத்தகம் வர வேண்டும். பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படமும், உதிரிபாக எண்ணும், போல்ட்டுகளை இறுக்கும் அளவும் அதில் இருக்க வேண்டும். மீன்வளத் துறை மானியத்தில் தரும் எஞ்சின்களுக்கு இதை வாங்கும் நிபந்தனையாகவே வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த ஏப்ரல் 15க்குள் அந்தப் புத்தகம் காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தால், எஞ்சின்களைத் திறந்து பார்க்க அதோடு 61 நாள் கிடைக்கும்.